திருகோணமலையில் திமிங்கிலம்: கப்பல் டூரா, நிலாவெளி போட்டா?

லண்டன் மாமாவும் மாமியும் வந்த சொகுசுக் கப்பல் மார்ச் மாதம் திருகோணமலையில் ஒரு பகல் மட்டும் நின்றது. நாங்கள் கல்லடியிலிருந்து வான் பிடித்து வாகரை, மூதூர், கிண்ணியா வழியாக முதல் நாள் இரவே போய்ச் சேர்ந்துவிட்டோம். அதற்கு முதலே மாமா வாட்ஸ்அப்பில், "மனே, கப்பலிலயே திமிங்கிலம் பாக்கிற டூர் விக்கிறாங்க, எடுக்கவா, இல்லாட்டி நீ ஒரு போட் பாக்கிறியா?" என்று கேட்டிருந்தார். விலையைப் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்கு அவர்கள் கேட்ட டொலருக்கு திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக் கடற்கரையில் ஒரு முழுப் போட்டையே பிடித்து, மிச்சக் காசில் நண்டுக் கறியும் சோறும் சாப்பிடலாம்.

ஆனால் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. கப்பல்காரர் விற்கிற டூரில் போனால், அது சுணங்கினாலும் கப்பல் பொதுவாகக் காத்து நிற்கும். நீங்களாகப் பிடித்த போட் எஞ்சின் நின்று கடலில் கிடந்தாலும் கப்பல் தன் நேரத்துக்குக் கிளம்பிவிடும், பிறகு அடுத்த துறைமுகத்துக்கு சொந்தச் செலவில் ஓட வேண்டியதுதான். மாமாவின் கப்பல் மாலையில்தான் புறப்படுகிறது என்று தெரிந்த பிறகுதான் நான் போட்காரரோடு கதைத்தேன். மதியமே கிளம்புகிற கப்பல் என்றால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் புறப்படுகிற நேரம். நிலாவெளி, உப்புவெளிப் போட்கள் விடியற்காலையிலேயே இறங்கிவிடும், ஏனென்றால் அப்போதுதான் கடல் படுத்துக் கிடக்கும், மூச்சு விடுவது தூரத்திலேயே தெரியும். பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பினால் எல்லாம் வெள்ளை நுரைதான், எது அலை எது திமிங்கிலம் என்று கண்டுபிடிக்க முடியாது. மாமா ஏழு மணிக்கெல்லாம் இறங்கிவிட்டார், நாங்கள் அங்கிருந்தே நிலாவெளிக்கு ஓடினோம். கப்பல் டூரில் போனவர்களின் போட் ஒன்பதரைக்குப் பிறகுதான் வெளிக்கிட்டதாம். பெரிய போட், நிழல் உண்டு, கழிவறை உண்டு, அதெல்லாம் சரி, ஆனால் அவர்கள் கண்டது டொல்பின் மட்டும், பாதிப்பேர் வாந்தி வேறு.

எங்களுடையது சாதாரண ஃபைபர் போட். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் இருந்தது, சின்னப் பிள்ளைக்கும் அளவானது இருந்தது, இது எனக்குப் பிடித்தது. நிழல் கிடையாது, கழிவறை கிடையாது. கரையிலிருந்து சில மைல் போனதும் போட்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார். திருகோணமலையில் கடல் கரைக்குக் கிட்டவே கிடுகிடு பள்ளமாக இறங்குகிறது, அதனால்தான் நீலத் திமிங்கிலமும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் இவ்வளவு கிட்ட வருகின்றன. முதலில் சத்தம்தான் வந்தது, லொறி பிரேக்குக் காற்றை விட்ட மாதிரி. பிறகு சாம்பல் நீல முதுகு, அது போய்க்கொண்டே இருந்தது, முதுகு முடிகிற இடத்தில்தான் ஒரு துக்கடாச் செட்டை. வால் தூக்கி உள்ளே போன இடத்தில் தண்ணீர் அலையில்லாமல் வட்டமாக வழவழவென்று கிடந்தது. போட்காரர் நிதானமாகச் சொன்னார்: "இனி பத்து நிமிசத்துக்கு வராது ஐயா, பிஸ்கட்டைச் சாப்பிடுங்க." அப்படியே நடந்தது.

அவர் துரத்தவில்லை. 2012 ஆம் ஆண்டு விதிகளின்படி திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் போட் போகக் கூடாது. போட் பிடிக்க முதல் "எவ்வளவு கிட்டப் போவீங்க?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். "தொடுற அளவுக்கு" என்று பெருமையடித்தால் அடுத்த ஆளிடம் போங்கள். "கட்டாயம் காட்டுவம்" என்பவரும் அதே ரகம்தான்.

மாமிக்கு முழங்கால் வருத்தம், அவ போட்டில் ஏறவில்லை. கோணேசர் கோயிலுக்குப் போய் சுவாமி மலையில் நின்று, எங்கட மகள் கொடுத்த பைனாகுலரில் தூரத்தில் தண்ணீர் பீச்சியடிப்பதைப் பார்த்துவிட்டார், அதுவும் சல்லிக்காசு இல்லாமல். வயதானவர்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

கப்பல் கொழும்பில் நின்றால் தெற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸவுக்குப் போகிற திமிங்கில டூரை எடுக்க வேண்டாம். இரண்டரை மணித்தியால ஓட்டம், அங்கே போட்கள் காலை ஆறரைக்கே போய்விடும். அந்தப் பக்க சீசனும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். நம்ம பக்கத்துக்கு மார்ச், ஏப்ரல் நல்லது, ஓகஸ்ட் வரைக்கும் பார்க்கலாம், ஆனால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பலக்கிற நாட்களில் சின்ன போட் குலுக்கி எடுக்கும். முதல் நாள் பின்னேரம் போட்காரருக்கு ஒரு கோல் எடுங்கள், அவரே "நாளைக்கு வேண்டாம்" என்றால் பேரம் பேசாதீர்கள். வாந்திக் குளிசையை ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முதல் போடுங்கள், ஏறின பிறகு போட்டுப் பிரயோசனமில்லை.