ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் நின்றுபோகும் நீலப்புள்ளி: வெளிப்புற ஜிபிஎஸ் கருவியோடு என் நீண்ட அனுபவம்

நண்பர் ஒருவர் விலை குறைந்த நேரம் பார்த்து, உள்ளே ஜிபிஎஸ் இல்லாத வைஃபை டேப்லெட் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதனுடன் ப்ளூடூத் ஜிபிஎஸ் கருவி ஒன்றை இணைத்துக்கொண்டால் களப்பணிக்குப் போதுமா என்று என்னிடம் கேட்டிருந்தார். சிவகங்கை மாவட்டக் கண்மாய்களின் மடை, கலுங்கு, வரத்துக்கால் ஆகியவற்றை வரைபடத்தில் குறிப்பதற்கு நான் சில ஆண்டுகளாக இதே ஏற்பாட்டைத்தான், ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுடன், பயன்படுத்தி வருகிறேன். திரை அளவு, நினைவகம் போன்ற விவரங்களை விட்டுவிடுகிறேன். இந்த ஏற்பாட்டில் தீராத தலைவலியாக இருக்கும் ஒரே குறையைப் பற்றித்தான் அவருக்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கருவிக்குரிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கருவியைத் தோள்பையின் மேல்பக்கத்தில் செருகி வைத்தால், திறந்த வெளியில் ஒரு நிமிடத்துக்குள் செயற்கைக்கோள்களைப் பிடித்துவிடுகிறது. ஜிபிஎஸ் கருவிகள் இருப்பிடத்தைச் சொல்லப் பயன்படுத்தும் என்எம்இஏ என்னும் பொது வடிவத்தில் அது நொடிதோறும் அனுப்பும் வரிகளை அப்படியே திரையில் பார்க்க முடியும். அவற்றில் ஜிஜிஏ என்னும் வகை வரியில், நேரமும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கடந்து ஒற்றை இலக்கம் ஒன்று வரும். அது 0 என்றால் இருப்பிடம் கிடைக்கவில்லை, 1 என்றால் சாதாரண ஜிபிஎஸ் இருப்பிடம், 2 என்றால் திருத்தம் பெற்ற இருப்பிடம். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் விமானங்களுக்காக அமைத்த ககன் அமைப்பின் திருத்தத் தரவு கிடைத்தவுடன் அந்த 1, 2 ஆக மாறும். கண்மாய்க் கரையில் நின்று அந்த மாற்றத்தைப் பார்ப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சியான விஷயம். அருகருகே இருக்கும் இரண்டு மடைகளைக் குழப்பமில்லாமல் பிரித்துக் காட்டும் அளவுக்கு அதன் துல்லியம் போதுமானதாக இருக்கிறது.

குறை இந்தக் கருவியில் இல்லை. டேப்லெட்டின் இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கடைசியாக வந்த பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு களத்துக்குச் சென்றபோது, கருவியின் நீல விளக்கு வழக்கம்போல ஒளிர்ந்தது, ப்ளூடூத் பட்டியலில் இணைந்திருப்பதாகவே காட்டியது, வரைபடத்திலும் புள்ளி தெரிந்தது. மடையைக் குறித்துவிட்டுக் கரையின் மறுகோடியில் இருந்த கலுங்குக்கு நடந்து சென்ற பிறகும் அந்தப் புள்ளி மடையிலேயே நின்றுகொண்டிருந்தது. கூகுள் மேப்ஸில் இருப்பிடம் பழையதாகிவிட்டால் புள்ளி சாம்பல் நிறமாக மாறும். நான் பயன்படுத்திய வரைபடச் செயலியில் அந்த ஏற்பாடுகூட இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். பழைய இருப்பிடத்தைப் புதியது போலக் காட்டுவது, எதையும் காட்டாமல் இருப்பதைவிட மோசமானது. முன்பின் தெரியாத ஊரில் வழி கண்டுபிடிக்க இதை நம்பிச் செல்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இப்படி நேர்வதற்கான காரணம் இணைப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வெளிப்புறக் கருவியின் இருப்பிடத்தை எல்லாச் செயலிகளுக்கும் கொண்டுசேர்க்க, இடையில் ஒரு பாலச் செயலி வேண்டும். செயலி எழுதுபவர்கள் சோதனை செய்வதற்காக இயங்குதளத்தில் வைக்கப்பட்டிருக்கும் போலி இருப்பிட வசதியின் வழியாகத்தான், இந்தப் பாலச் செயலி உண்மையான இருப்பிடத்தை உள்ளே அனுப்புகிறது. சாதாரணப் பயனருக்கென்று அமைக்கப்படாத வசதி என்பதால், அதன் விதிகளை மாற்றும்போது நம்மைப் போன்றவர்களை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, போலி இருப்பிடத்துக்கு எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக இருந்த அனுமதிக் குறியை நீக்கிவிட்டு, டெவலப்பர் அமைப்புகளுக்குள் சென்று ஒரு குறிப்பிட்ட செயலியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, அந்தப் பதிப்புக்கெனத் தயாரிக்கப்படும் செயலிகள் ப்ளூடூத் கருவிகளோடு இணைய வேண்டுமானால் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்னும் தனி அனுமதியைப் பயனரிடம் பெற வேண்டும் என்றாக்கியது. இவை தனியுரிமைக்காகச் செய்யப்பட்ட நியாயமான மாற்றங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. இவற்றுக்கு மேல், என் டேப்லெட்டைத் தயாரித்த நிறுவனம் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் டெவலப்பர் அமைப்புகளை மூடி, நான் தேர்ந்தெடுத்து வைத்ததை அழித்துவிடுகிறது. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக, திரை அணைந்த சற்று நேரத்தில் பாலச் செயலியையும் நிறுத்திவிடுகிறது. இவை பற்றிப் புதுப்பிப்புக் குறிப்பில் ஒரு வரிகூட இருப்பதில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டபோது, டேப்லெட்டைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கச் சொன்னார்கள். மீட்டமைத்த பிறகும் அதே கதைதான்.

வேறு நிறுவனத்தின் டேப்லெட்டுக்கு மாறினால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்றும் உறுதி சொல்ல முடியாது. ஐபேடின் வைஃபை மாதிரிகளிலும் ஜிபிஎஸ் கிடையாது என்பதால், சிறு விமானங்களை ஓட்டுபவர்கள் பலர் வெளிப்புறக் கருவிகளையே அவற்றுடன் இணைத்துப் பயன்படுத்தி வந்தார்கள். 2015 ஏப்ரலில் ஐஓஎஸ் 8.3 வந்தபோது, அத்தகைய கருவிகளின் இருப்பிடத் தரவு செயலிகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஜூன் 30 அன்று வந்த 8.4 பதிப்பில்தான் அது சரிசெய்யப்பட்டது. ஆனால் அந்தப் பதிப்பின் குறிப்பில், ஜிபிஎஸ் துணைக்கருவிகள் இருப்பிடம் தருவதைத் தடுத்த குறை நீக்கப்பட்டதாக வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். உடைந்ததை ஒப்புக்கொண்டு சரிசெய்த அந்த ஒற்றை வரியைத்தான் என் டேப்லெட்டின் தயாரிப்பாளரிடமும் நான் எதிர்பார்க்கிறேன்.

அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் ஒருபுறம் இருக்க, ஜிபிஎஸ் துறையிலேயே அதற்கு எதிரான நல்ல சான்று உண்டு. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வார எண் 10 பிட்டுகளில் வருவதால், 1,024 வாரங்களுக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 2019 ஏப்ரல் 6 அன்று அது நிகழ்ந்தபோது, ஃபர்ம்வேர் எனப்படும் உள் மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில, தேதியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டின. ஆகவே புதுப்பிப்பு வேண்டியதுதான், அதைச் செய்பவர்கள் எது மாறியது என்று சொல்லிச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இத்தனை எரிச்சலுக்கு நடுவில் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. நில வரைபடப் பணிக்கான கியூஃபீல்டு என்னும் கட்டற்ற செயலி, போலி இருப்பிட வழியைத் தொடாமல், கருவி அனுப்பும் என்எம்இஏ வரிகளை ப்ளூடூத் வழியாகத் தானே வாங்கிப் படித்துக்கொள்கிறது. கடைசிப் புதுப்பிப்புக்குப் பிறகு ப்ளூடூத் அனுமதியை மட்டும் ஒருமுறை கொடுத்தேன். மற்றச் செயலிகள் மடையிலேயே நின்றுவிட்ட அதே கரையில், இதில் புள்ளி என் நடைக்கு ஈடாக நகர்ந்தது. எத்தனை செயற்கைக்கோள்கள், எவ்வளவு துல்லியம் என்பதையும் அது சேர்த்தே காட்டுகிறது. என் கண்மாய் வேலை நின்றுபோகாமல் நடப்பது இந்தச் செயலியால்தான். ஆனால் பயணத்துக்கு வழிகாட்டும் செயலிகள் பலவும் இயங்குதளம் தரும் இருப்பிடத்தையே நம்பியிருப்பதால், இந்தத் தீர்வு எல்லோருக்கும் பொருந்தாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொல்வது, இந்தக் கருவியை வாங்க வேண்டாம் என்பதுதான். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்க இன்னும் அவகாசம் இருந்தால், திருப்பிக் கொடுத்துவிட்டு ஜிபிஎஸ் உள்ளேயே அமைந்த மாதிரியை அவர் வாங்கிக்கொள்ளட்டும். துல்லியம் சற்றுக் குறைந்தாலும், அந்த இருப்பிடம் புதுப்பிப்பு ஒன்றில் கேட்பாரற்று அறுந்துபோகும் வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்காமல் எந்த நிறுவனமும் புதுப்பிப்பை வெளியிடாது. திருப்ப முடியாது என்றால், தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வைத்து, வேலை இல்லாத வாரமாகப் பார்த்துப் புதுப்பிக்கட்டும். புதுப்பித்த பின், டெவலப்பர் அமைப்பையும் பேட்டரிக் கட்டுப்பாட்டையும் சரிபார்த்துவிட்டு, திரையை அணைத்தபடி தெருமுனை வரை நடந்து போய்த் திரையை ஏற்றி, புள்ளி உடன் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே களத்துக்குக் கிளம்பட்டும்.