சமையலறை டைமர்: குரூப் 4 படிக்கிறவர்கள் வாங்கலாமா?

பாத்திரக்கடையில் 180 ரூபாய் சொன்னார்கள், பேரம் பேசி 160-க்கு வாங்கினேன். வெள்ளை பிளாஸ்டிக், உள்ளங்கையில் அடங்கும் அளவு, வட்டத்தைச் சுற்றி 60 வரை எண்கள். பேட்டரி கிடையாது, கையால் முறுக்கிவிட வேண்டும். அட்டையில் கம்பெனி பெயர்கூட இல்லை. கேக் செய்கிறவர்களுக்காக வைத்திருந்ததை நான் டிஎன்பிஎஸ்சி-யின் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க வாங்கி வந்தேன்.

போனிலேயே டைமர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதை வைக்கப் போனைக் கையில் எடுக்க வேண்டுமே! எடுத்தால் டெலிகிராமில் யாராவது ‘முக்கிய வினாக்கள் 1000’ என்று ஒரு பிடிஎஃப் போட்டிருப்பார்கள். அதை இறக்கிவைத்து, திறந்து பார்த்து, நாமும் ஏதோ படித்துவிட்டோம் என்ற திருப்தி வேறு வந்துவிடும். இந்த டைமருக்கு மணி அடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. நான் காசு கொடுத்தது அதற்குத்தான்.

முறுக்குவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. 10 நிமிடம் வேண்டுமென்றால் நேரே 10-க்குத் திருப்பி விட்டுவிடக் கூடாது. கடைசி வரை முறுக்கிவிட்டு, அப்புறம் 10-க்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் சரியாக ஏறாமல், மணி அரைகுறையாக முனகிவிட்டு நின்றுவிடும். நேரமும் அப்படியொன்றும் துல்லியமில்லை, 45 வைத்தால் ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகிறது. கேக்குக்கு எப்படியோ, எனக்குப் போதும்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையை நிறைய பேர் சொல்வார்கள். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிக்காரர், மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கியது அது. தமிழ் இலக்கணத்துக்கு அந்த 25 சரி. கூட்டுவட்டிக் கணக்குக்கு எனக்குச் சரிவரவில்லை. கணக்கு பிடிபடுகிற நேரம் பார்த்து மணி அடிக்கிறது. அதற்கு 45 வைக்கிறேன்.

தேர்வுப் பயிற்சிக்குத்தான் இது பிரமாதம். குரூப் 4-ல் 200 கேள்வி, 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி. நான் 15 நிமிடம் வைத்து 20 கேள்வி போடுகிறேன். அந்த வேகம் பிடிபட்டால் இரண்டரை மணி நேரத்தில் 200-ம் முடியும். மீதி அரை மணி ஓஎம்ஆர் விடைத்தாளில் வட்டத்தைக் கருமையாக்க. டிக் டிக் சத்தம் முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அது இல்லாவிட்டால் கை ஓடுவதில்லை. முழு மாதிரித் தேர்வுக்கு உதவாது, 60-க்கு மேல் எண் இல்லையே. அதற்குச் சுவர்க் கடிகாரம்தான்.

வாங்கும்போது நினைத்தே பார்க்காத லாபம் ஒன்று: இந்தச் சத்தம் வீட்டில் எல்லோருக்கும் கேட்கிறது. போன் டைமர் ஓடுவது யாருக்குத் தெரியும்? போன் பார்க்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிற என் பையன் அவனுடைய சமூக அறிவியல் புத்தகத்தைக் கேட்டு வந்தாலே (எனக்கும் அதுதான் பாடப்புத்தகம்), அத்தை “மணி அடிக்கட்டும்டா, அம்மா தருவா” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எட்டு மணிக்கு மாவு ஆட்டணும் என்று ஞாபகப்படுத்துவதும் மணி அடித்த பிறகுதான்.

ஆனால் என்ன படிப்பது என்று முடிவெடுக்காமல் முறுக்கினால் வெறும் சத்தம்தான் மிச்சம். தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் ரயில்வேக்குப் போடு, பேங்குக்குப் போடு, எஸ்.ஐ.-க்கும் போட்டு வை என்கிறார்கள். பல மரம் கண்ட தச்சன் கதையாகிவிடும். குரூப் 4-ல் 300-க்கு 150 மதிப்பெண் தமிழுக்கே, அதில் 60 வராவிட்டால் மறு பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பேங்க் தேர்வோ ஆங்கிலம், ரீசனிங் என்று வேறு பக்கம் போகிறது. நான் குரூப் 4-ஐத் தவிர எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. ஆறிலிருந்து பத்து வரைக்கும் பள்ளிப் புத்தகம், அவ்வளவுதான். முறுக்கும் முன் எந்தப் பாடம், எந்தப் பக்கம் வரை என்று துண்டுச் சீட்டில் எழுதி டைமருக்கு அடியில் வைத்துவிடுவேன்.

கைக்குழந்தை தூங்கும் வீட்டுக்கும், ஹாஸ்டல் அறைக்கும் இது வேண்டாம். மணிச் சத்தம் தூக்கிவாரிப் போடும். நூலகத்துக்கு எடுத்துப் போவதை நினைக்கவே வேண்டாம். மற்றவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது பின்னால் இருக்கும் காந்தத்துக்காக: ஃபிரிட்ஜில் ஒட்டினால் வழுக்கி வழுக்கிக் கீழே வந்துவிடுகிறது.