மந்திரி வேஷம் கேட்டுப் போன கடை

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. மந்திரியாகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மேலூரிலிருந்து பஸ் ஏறி, மதுரையில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்ட தையல் கடைகளுக்குக் கூட்டிப் போனேன். முதல் இரண்டு கடைகளிலும் மந்திரி என்றதுமே வேட்டி, சட்டை, துண்டை எடுத்துப் போட்டார்கள். பொம்பளை மந்திரி என்றதற்கு, "ஜான்சி ராணி இருக்கு, தரவா?" ராணியும் மந்திரியும் ஒன்றா? மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

மூன்றாவது கடையில் பெரியவர் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டு, "எந்த மந்திரி ஆத்தா?" என்று பிள்ளையிடமே கேட்டார். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். லூர்தம்மாள் சைமன். 1956 நவம்பரில் குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது; மறு வருஷமே குளச்சலில் ஜெயித்து காமராஜர் மந்திரி சபைக்கு வந்துவிட்டார். எட்டுப் பேரில் அவர் ஒருவர்தான் பெண். உள்ளாட்சித் துறை அவரிடம் இருந்தபோதுதான் 1958 பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. எங்கள் பக்கத்துத் தும்பைப்பட்டி கக்கனும் அதே சபையில் மந்திரி. கக்கனைத் தெரியாத ஆள் மேலூர்ப் பக்கம் கிடையாது. கூட இருந்த இந்த அம்மாவை, மகளுக்காகத் தேடும்வரை எனக்கே தெரியாது.

"கக்கன் கூட இருந்தவுகளா!" என்று பெரியவர் உடனே அளவு நாடாவை எடுத்தார்.

ரெடிமேட் சேலையைக் காட்டாமல், வெள்ளைப் பருத்தித் துணியில் மெல்லிய நீலக் கரை வைத்து, கொசுவத்தை அடித்து, இடுப்புக்கு எலாஸ்டிக் கொடுத்துத் தைத்தார். பிள்ளை தானே மாட்டிக்கொள்ளலாம். வாடகை 300, அட்வான்ஸ் 500. குறை என்றால், ரவிக்கை அக்குளில் பிடித்தது, ஒரு கொக்கியும் தெறித்துவிட்டது. மேடைக்குப் பின்னால் ஊக்கு குத்தித்தான் சமாளித்தேன். சொன்ன நாளுக்கு ஒரு நாள் தாமதம் வேறு. போட்டிக்கு முதல் நாள் நம்பிப் போகாதீர்கள், ஒரு வாரம் கையில் இருக்கட்டும்.

பரிசு ஜான்சி ராணிக்குத்தான். ஆனால் டீச்சர் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த அம்மா பேரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

சேலையைத் திருப்பிக் கொடுத்தபோது அட்வான்ஸ் முழுசாகக் கைக்கு வந்தது. பெரியவர் சேலையை உள்ளே வைக்கவில்லை. வேட்டி சட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டி, "மந்திரி, எட்டு வயசு" என்று சீட்டு குத்தினார்.