குப்பம் எல்லையில் குள்ளநரிக் குட்டிகளுக்கு ஒரு மறுவாழ்வு மையம்: எங்கள் அனுபவம்

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில், தமிழக எல்லையையொட்டிய ஆந்திர ஊரான குப்பத்தை அடுத்த எங்கள் வேர்க்கடலை நிலத்தின் ஓரத்து மேட்டு வளையிலிருந்து மூன்று குள்ளநரிக் குட்டிகள் பட்டப்பகலில் வெளியே வந்து கத்திக்கொண்டிருந்தன. வாகனம் மோதி அவற்றின் தாய் சாலையோரம் இறந்து கிடந்ததை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். வனத்துறைக்குத் தகவல் சொன்னபோது, இப்பகுதியில் இயங்கும் சிறிய வனவிலங்கு மறுவாழ்வு மையம் ஒன்றின் எண்ணைக் கொடுத்தார்கள். வேடிக்கை பார்க்க ஆட்கள் வருவதை அம்மையத்தார் விரும்பாததால் பெயரைத் தவிர்த்து, அவர்களுடைய சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"தாய் இறந்ததை நீங்களே பார்த்தீர்களா?" என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. ஆபத்தை உணர்ந்த நரி தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வேறு வளைக்கு மாற்றும் என்றும், அந்த நேரத்தில் தனியாகத் தெரியும் குட்டியைத் தாயற்றது என்று எண்ணி மக்கள் தூக்கி வந்துவிடுகிறார்கள் என்றும் விளக்கினார்கள். நான் பார்த்ததை உறுதி செய்த பிறகும் அவர்கள் அவசரப்படவில்லை. இந்த இனத்தில் தந்தையும் குட்டிகளைக் காக்கும் என்பதால், ஆண் நரி வருகிறதா என்று அன்றிரவு முழுவதும் தொலைவில் அமர்ந்து கவனித்தார்கள். அது வரவில்லை, விடிந்த பிறகே குட்டிகளை எடுத்தார்கள்.

அதற்குள் எங்கள் நிலத்தில் வேலை செய்பவர் இரக்கப்பட்டு மாட்டுப்பால் ஊற்றியதில் ஒரு குட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டிருந்தது. அவரைக் கடிந்துகொள்ளாமல், குளிர்ந்துபோன குட்டிக்கு முதலில் கதகதப்பும், பிறகு உப்புச் சர்க்கரைக் கரைசலும், அதன் பின்னரே நாய்க்குட்டிகளுக்கான பால்மாவும் கொடுக்க வேண்டும் என்று அவருக்கே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த விதம் என் மனத்தைத் தொட்டது.

மையத்தில் மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகவே வளர்த்தார்கள். இருவரைத் தவிர வேறு எவரும் அருகில் செல்லவில்லை, பெயர் வைக்கவில்லை, கொஞ்சவில்லை. தெருநாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் நோய் நரிகளையும் கொல்லும் என்பதால் நாய்கள் நெருங்க முடியாத வேலி அமைத்திருந்தார்கள். பால் மறந்த பிறகு கரையான், வெட்டுக்கிளி, இறந்த எலி, இலந்தைப்பழம் ஆகியவற்றைத் தட்டில் வைக்காமல் மண்ணிலும் புதரிலும் ஒளித்து வைத்து, மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்னப் பழக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுவே.

குட்டிகளைப் பார்க்க நான் இருமுறை அனுமதி கேட்டேன், இருமுறையும் மறுத்துவிட்டார்கள். அப்போது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதரைக் கண்டு அஞ்சாத நரி ஊருக்குள் வரும், வந்தால் உயிர் பிழைக்காது. நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்று நம்பி, சேலம் மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் பொங்கலையொட்டி வங்காநரி எனப்படும் குள்ளநரியைப் பிடித்து ஓடவிடும் வழக்கமும், நரிக்கொம்பு என்ற பெயரில் நடக்கும் தாயத்து விற்பனையும் நாம் அறிந்தவையே. மனிதரை நம்பிப் பழகிய குட்டி இத்தகைய கைகளில்தான் முதலில் சிக்கும்.

செப்டம்பரில், மழைக்குப் பின் பூச்சிகள் பெருகியிருந்த நேரத்தில், வனத்துறை அனுமதியுடன் புதர்க்காட்டில் கூண்டு அமைத்துச் சில நாட்கள் அங்கேயே வைத்திருந்து, பிறகு ஓர் இரவு கதவைத் திறந்து விட்டார்கள். அதன் பின்னும் இரை வைத்து, அதை நாளுக்கு நாள் குறைத்தார்கள். தானியங்கிக் கேமராவில் இரண்டு குட்டிகள் தொடர்ந்து பதிவாயின. மூன்றாவது முதல் வாரத்துக்குப் பின் தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் தெரிவித்தார்கள்.

குறைகளும் உண்டு. இரவில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. ஒப்படைப்புப் படிவம் தெலுங்கில் மட்டுமே இருப்பதால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எல்லையோர மக்கள் என்னவென்று தெரியாமல் கையெழுத்திட நேர்கிறது. இதை உடனே சரிசெய்ய வேண்டும். கட்டணம் எதுவும் பெறவில்லை. நன்கொடைக்கு ரசீது கொடுத்தார்கள்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குள்ளநரியை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். குட்டியைக் காண்பவர்கள் தொடாமல், பால் ஊற்றாமல், நாய்களை மட்டும் விலக்கி வைத்துவிட்டு, பகலிலேயே வனத்துறை மூலமாக இத்தகைய மையத்தை அழைக்கவும்.