காகிதமா, ஒளித்தாளா, கணினியா: சுவரொட்டி எழுத்துக்கு மூன்று வழிகள்

எழுத்தை வெறும் அச்சுமையாக விட்டுவிடாமல், பொருளும் ஒளியும் கூடி அதற்கு உடல் கொடுக்க வேண்டுமென்று நினைக்கும் வடிவமைப்பாளர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்: தடித்த காகிதத்தில் எழுத்தை வெட்டி, பக்கவாட்டு ஒளியில் படம்பிடிப்பது, கேமராவே இல்லாமல், எழுத்தை ஒளியுணர் தாளின்மேல் நேரே வைத்து ஒளி பாய்ச்சி, போட்டோகிராம் எடுப்பது, முப்பரிமாண மென்பொருளில் முழுவதையும் உருவாக்குவது. சில சொற்களே கொண்ட சுவரொட்டிக்கு நான் முதல் வழியையே விரும்புகிறேன். ஆனால் பொறுமையை அதிகம் சோதிப்பதும் அதுதான்.

‘நிழல்’ என்ற சொல்லை வெட்டி, பின்தாளிலிருந்து 5 மி.மீ. உயர்த்தி ஒட்டியபோது இதை நேரில் கண்டேன். விளக்கு 45 பாகைச் சாய்வில் இருந்தவரை நிழலின் நீளமும் 5 மி.மீ.தான், 15 பாகைக்குத் தாழ்த்தியதும் அது ஏறத்தாழ 19 மி.மீ. ஆகி, ழகரத்தின் உள்வெளியை அடைத்துவிட்டது. லகர மெய்யின் புள்ளியோ தன் நிழலோடு சேர்ந்து இரட்டைப் புள்ளியாகத் தெரிந்தது. ஒளி நேர் இடப்புறத்திலிருந்து வந்தால் செங்குத்துக் கோடுகள் எடுப்பாகத் தெரியும், கிடைக்கோடுகளுக்கு நிழலே விழாது. ஆகவே ட, ப, ம போன்ற எழுத்துகள் அடிக்கோட்டை இழந்து நிற்கும். மேல்மூலையிலிருந்து குறுக்காக ஒளி பாய்ச்சுவதே இதற்குத் தீர்வு. விளக்கின் தூரமும் முக்கியம்: 42 செ.மீ. அகலமுள்ள ஏ2 தாளின் அருகு விளிம்புக்கு அரை மீட்டரில் ஒரு சிறு விளக்கை வைத்தால், தூரம் கூடுவதால் மட்டுமே மறு விளிம்பின் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அந்தச் சரிவைக் குறை என்று நான் கருதுவதில்லை; பல நேரங்களில் சுவரொட்டியின் உணர்ச்சியே அதில்தான் இருக்கிறது.

போட்டோகிராமின் குணம் வேறு. ஹங்கேரியக் கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாகி 1922 முதல் இதில் ஈடுபட்டவர். எழுத்தையும் ஒளிப்படத்தையும் ஒரே அமைப்பாகக் காணும் ‘டைப்போஃபோட்டோ’ என்ற கருத்தை 1925-இல் முன்வைத்தவரும் அவரே. ஒளி பட்ட இடம் கறுக்க, மறைக்கப்பட்ட எழுத்து வெள்ளையாக எஞ்சுகிறது. தாளோடு ஒட்டிக் கிடக்கும் விளிம்பு கூர்மையாகவும், சற்றே தூக்கி நிற்கும் விளிம்பு மங்கலாகவும் பதிய, கண்ணாடியும் டிரேசிங் தாளும் சாம்பல் நிறச் சாயல்களைத் தருகின்றன. விளைவு, படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலில் தாளை இட்ட பிறகே தெரியும். அதே படத்தை மறுமுறை அப்படியே எடுப்பதும் அரிது. அளவும் சிக்கல்தான்: 8×10 அங்குலத் தாளை ஏ2 வரை பெரிதாக்கி 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட, ஏறத்தாழ 700 டிபிஐ-யில் ஸ்கேன் செய்ய வேண்டும்.

மென்பொருளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. ஒரே ஒளியமைப்பில் பத்துச் சுவரொட்டிகள் தேவையென்றாலும், கடைசி நேரத்தில் வாசகம் மாறுமென்றாலும் அதற்கு நிகரில்லை. ஆயினும் கிழிந்த ஓரத்தின் நாரும், தன் எடையில் தாள் லேசாகத் தொய்வதும் அதில் தானாக நேர்வதில்லை. ஒவ்வொன்றையும் நாமே நினைத்துப் புகுத்த வேண்டியிருக்கிறது, நினைக்காத விபத்து எதுவும் படத்துக்குள் வராது. அதனால் அதை நான் ஒத்திகைக்கே பயன்படுத்துகிறேன்: விளக்கின் கோணத்தைத் திரையில் முடிவுசெய்து, புள்ளியை மட்டும் உயர்த்தாமல் பின்தாளிலேயே ஒட்டிவிட்டு, மற்றவற்றைக் கத்தியாலும் காகிதத்தாலும் செய்கிறேன்.