காலநிலை மாற்றம்: தாய்ச்சட்டம் வேண்டுமா, நீதிமன்றம் போதுமா?

காலநிலை மாற்றம் என்று வந்தால் சட்ட அறிஞர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். நாடாளுமன்றம் எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு தாய்ச்சட்டம் போட்டு அரசின் கையைக் கட்ட வேண்டும் என்பது ஒரு கட்சி. அதற்குக் காத்திருந்தால் வேலைக்கு ஆகாது, அடிப்படை உரிமையைச் சொல்லி நீதிமன்றப் படி ஏறுவதே வழி என்பது இன்னொரு கட்சி. முதல் வழிக்குப் பிரிட்டனையும் இரண்டாவதற்கு நெதர்லாந்தையும் காட்டுவார்கள்.

பிரிட்டனின் 2008 காலநிலை மாற்றச் சட்டம், 1990 அளவோடு ஒப்பிட்டு 2050க்குள் பசுமைக்குடில் வாயு உமிழ்வை 80 சதவீதம் குறைக்கச் சொன்னது. 2019இல் அதை நிகர பூஜ்யமாக, அதாவது வெளியிடும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாகும்படி, உயர்த்தினார்கள். இலக்கு இருக்கட்டும், இந்தச் சட்டத்தின் உயிர் அதன் கணக்குப்பிள்ளை வேலையில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் பட்ஜெட், அதாவது அந்தக் காலத்துக்கான மொத்த உமிழ்வு வரம்பு. அரசைச் சாராத நிபுணர் குழு ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும், அக்டோபர் 15க்குள் அரசு பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு கூர்மையானது என்பது 2022இல் தெரிந்தது. அரசின் நிகர பூஜ்யத் திட்டம் சட்டப்படி செல்லாது என்றது லண்டன் உயர் நீதிமன்றம். 2033 முதல் 2037 வரையிலான பட்ஜெட்டுக்கு, அளவிட்டுக் காட்டிய திட்டங்கள் தேவையில் 95 சதவீதத்தைத்தான் ஈடுகட்டின. எந்தத் திட்டம் எவ்வளவு குறைக்கும் என்ற விவரம் அமைச்சரின் மேசைக்கே வரவில்லை, மீதி 5 சதவீதக் கதை நாடாளுமன்றத்துக்கும் போகவில்லை. திருத்திய திட்டமும் 2024இல் அதே நீதிமன்றத்தில் தோற்றது. சட்டத்தில் நடைமுறை எழுதியிருந்ததால்தான் நீதிபதிக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்தது.

ஆனால் நாடாளுமன்றம் போட்டதை நாடாளுமன்றமே எடுக்கலாம். ஆட்சிக்கு வந்தால் இந்தச் சட்டத்தையே ரத்து செய்வோம் என்று 2025 அக்டோபரில் பழமைவாதக் கட்சித் தலைவர் கெமி பேடனாக் அறிவித்துவிட்டார்.

நெதர்லாந்தில் உர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு கிட்டத்தட்ட 900 குடிமக்களோடு சேர்ந்து அரசை எதிர்த்து வழக்காடியது. 1990 அளவிலிருந்து 2020க்குள் உமிழ்வை 25 சதவீதமாவது குறைத்தாக வேண்டும் என்று 2015இல் ஹேக் மாவட்ட நீதிமன்றம் சொன்னதை 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீதிபதிகள் அரசியல் செய்கிறார்கள் என்று அங்கேயே சட்டப் பேராசிரியர்களில் ஒரு சாரார் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்தக் குறை பெரிதாகப் படவில்லை. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொன்ன நீதிமன்றம், எப்படி என்பதை அரசிடமே விட்டது. 2020இல் 25ஐ ஒட்டி வந்தும் விட்டார்கள், கொரோனாவின் புண்ணியமும் அதில் உண்டு. அப்புறம் என்ன என்பதற்குத்தான் அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

ஜெர்மனியில் இரண்டு வழியும் ஒன்றோடொன்று மோதின, நல்லதே நடந்தது. 2019 காலநிலைச் சட்டம் 2030க்குப் பிந்தைய உமிழ்வுக் குறைப்புச் சுமையை இளைய தலைமுறையின் தலையில் கட்டுகிறது என்று 2021இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. சில மாதங்களுக்குள் 2030 இலக்கு 55 சதவீதத்திலிருந்து 65 ஆனது, கார்பன் சமநிலை 2050இலிருந்து 2045க்கு முன்னால் வந்தது. திருத்துவதற்குக் கையில் ஒரு சட்டம் இருந்ததால்தான் இந்த வேகம்.

சரி, இந்தியா? காலநிலை மாற்றத்துக்கு எதிராக அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2017இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாள். சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது காலநிலையைப் பார்க்கவில்லை என்று கருதக் காரணமில்லை எனச் சொல்லி 2019இல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். 2024 மார்ச்சில் ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து பாதுகாப்பு பெறுவது அரசியல் சாசனத்தின் 14 (சமத்துவம்), 21 (உயிர் வாழும் உரிமை) ஆகிய பிரிவுகளின்படி உரிமை என்றது. பெரிய வார்த்தைதான். வழக்கு வந்ததோ கானமயிலைக் காப்பாற்ற. நேரே முன்னால் இருக்கும் மின்கம்பியைப் பார்க்க முடியாத, சட்டென்று விலகவும் முடியாத கனத்த பறவை அது. ராஜஸ்தான், குஜராத்தில் சுமார் 99,000 சதுர கிலோமீட்டருக்கு 2021இல் போட்ட மின்கம்பிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, சூரிய மின்சாரத்துக்கு வழிவிடும்போது பிறந்தது இந்த உரிமை. அதை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போவது? காலநிலை மாற்றத்துக்கென்று தனிச்சட்டம் நாட்டில் இல்லை என்று தீர்ப்பே குறிப்பிடுகிறது.

அதற்காகப் பிரிட்டன் சட்டத்தை அப்படியே நகலெடுத்தால் இங்கே பொருந்தாது. காலநிலைக் கொள்கை ஆய்வாளர் நவ்ரோஸ் துபாஷ் போன்றவர்கள் சொல்வதும் இதைத்தான். இன்னும் ஆற்றல் பயன்பாடு வளர வேண்டிய நாட்டுக்கு, உமிழ்வை மட்டும் கட்டுப்படுத்தும் சட்டம் போதாது. ஒவ்வொரு துறையும் மாநிலமும் வளர்ச்சித் திட்டத்திலேயே காலநிலையைக் கணக்கில் எடுக்க வைக்கும் சட்டம் தேவை. நானும் இந்தப் பக்கம்தான். விவசாயமும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. டெல்லியில் எழுதும் கார்பன் உச்சவரம்பு, சென்னையில் மழைநீர் வடிகால் போடும் பொறியாளருக்கு ஒன்றும் சொல்லாது.

அப்படி ஒரு சட்ட முன்வரைவு வந்தால் இந்தியாவின் 2070 நிகர பூஜ்ய இலக்கு அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடமாட்டேன். அறிக்கை தரும் குழுவை நியமிப்பது யார், அதற்கு அரசு எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வழக்குப் போட யாருக்கு உரிமை என்ற பிரிவுகளைத்தான் முதலில் புரட்டுவேன்.