‘சோப்ஸ்டோன் ஃபினிஷ்’ என்று கொட்டேஷன் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்

பால் காய்ச்சி மூன்று வாரம்கூட ஆகாத ஒரு வீடு. புதுச் சமையல் மேடையில் பாதி எலுமிச்சம்பழம் ஒன்று கவிழ்ந்தபடி ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறது. எடுத்துத் துடைத்துப் பார்த்தால் கறுப்புக் கல்லில் வெளுத்த வட்டம் ஒன்று. கிட்டே குனிந்து பார்த்தால் பழத்தின் சுளைக் கோடுகள்கூட லேசாகத் தெரிந்தன. பாத்திர சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மேடை போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டார்கள். “சோப்ஸ்டோன் அப்படித்தான் சார், நேச்சுரல் ஸ்டோன்” என்று சொல்லி, சின்ன பாட்டிலில் எண்ணெய் கொடுத்துவிட்டுப் போனார். தடவியதும் வட்டம் மறைந்தது. நான்காம் நாள் அதே இடத்தில் திரும்ப வந்தது.

அந்த மேடைக்குச் சதுர அடி 650 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். போட்டிருப்பது கடப்பா கல். லாஃப்டுக்கும் அலமாரித் தட்டுக்கும் போடுகிற, கல் கடையிலேயே ஆக மலிவான சரக்கு.

இந்த ஏமாற்று நம் ஊரில் எடுபடுவதுதான் வேடிக்கை. சோப்ஸ்டோன் என்பது மாக்கல். சேலத்துக் கல்சட்டி எந்தக் கல்லோ அதே இனம். கல்சட்டியில் புளிக்குழம்பு வைத்து, மறுநாள் வரை அப்படியே விட்டுவைத்து, சுண்டவைத்துச் சாப்பிட்டவர்கள் நாம். புளி பட்டுக் கல்சட்டி வெளுத்ததாக யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? மாக்கல்லில் இருப்பது டால்க், குளோரைட் போன்ற கனிமங்கள். வீட்டுப் புளிப்பு எதுவும் அவற்றை ஒன்றும் செய்யாது. வேதியியல் ஆய்வக மேசைகளுக்கு ஒரு காலத்தில் இந்தக் கல்லைப் போட்டதற்கும் அதுதான் காரணம். ஆக, எலுமிச்சை பட்டதும் வெளுக்கிற கல்லை யார் சோப்ஸ்டோன் என்று விற்றாலும் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்தது.

கடப்பா சுண்ணாம்புக்கல். ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா, தெலங்கானாவின் தாண்டூர், கர்நாடகத்தின் ஷாஹாபாத் எல்லாம் அதே குடும்பம். அடிப்படை கால்சியம் கார்பனேட். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம், புளியின் டார்டாரிக் அமிலம், தயிரின் லாக்டிக் அமிலம், வினிகர் என்று எது பட்டாலும் மேல்பரப்பைக் கொஞ்சம் கரைத்துவிடும். வெளுத்துத் தெரிவதைக் கறை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பாலிஷ் இருந்த தோல் அரிக்கப்பட்டு, அடியிலிருக்கும் சொரசொரப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் அந்தச் சொரசொரப்பை நிரப்பியதும் மறைகிறது, எண்ணெய் போனதும் தெரிகிறது.

இரண்டு கல்லையும் குழப்புவது ஏன் இவ்வளவு சுலபம்? மாக்கல் பலகை காய்ந்த நிலையில் சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். மினரல் ஆயில் தடவினால் கரியாகிவிடும். கடப்பாவும் பாலிஷ் போடாத நிலையில் மங்கிய கருஞ்சாம்பல்தான், எண்ணெய் பட்டால் அதுவும் கறுக்கும். இரண்டிலும் வெள்ளை நரம்பு ஓடலாம். கடப்பாவைப் பாலிஷ் போடாமல் பிரஷ் ஓட்டி ‘லெதர் ஃபினிஷ்’ ஆக்கி, மேலே கறுப்பு வேக்ஸ் ஏற்றிவிட்டால், பிரேசிலிலிருந்து வந்த சோப்ஸ்டோன் படத்துக்கும் இதற்கும் போன் திரையில் வித்தியாசமே தெரியாது. மாடுலர் கிச்சன் போடுகிறவர்கள் பலர் படத்தைக் காட்டித்தான் ஆர்டர் எடுக்கிறார்கள்.

கொட்டேஷனில் தப்பிக்கும் வழி தயாராக இருக்கும். மேற்படி வீட்டின் தாளில் இருந்த வாசகம் ‘பிளாக் சோப்ஸ்டோன் ஃபினிஷ், 20 மிமீ’. நாளைக்குச் சண்டை வந்தால், “ஃபினிஷ் என்றுதானே போட்டோம், சோப்ஸ்டோன் என்றா போட்டோம்” என்பார்கள். ‘லுக்’, ‘ஃபினிஷ்’, ‘டைப்’, ‘சீரிஸ்’ ஆகிய நாலு சொல்லில் எது கல்லின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தாலும் அடித்துவிட்டு, கல்லின் பெயரை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கடையில் காட்டும் சோதனையைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலும் தண்ணீரை ஊற்றி, “பாருங்க, உறிஞ்சவே இல்ல” என்பார்கள். நெருக்கமான கடப்பாவும் பத்து நிமிடத்தில் தண்ணீரைக் குடித்துவிடாது, ஈரம் இறங்காமல் தடுக்கும் சீலர் பூச்சு அடித்த எந்தக் கல்லும் குடிக்காது. அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. லைட்டரைக் காட்டுவதும் அப்படியே.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. உங்களுக்கென்று ஒதுக்கிய அதே ஸ்லாபின் ஓரத்திலிருந்து ஆறு அங்குலச் சதுரத் துண்டு ஒன்று வெட்டித் தரச் சொல்லுங்கள். ஷோரூம் சாம்பிள் வேண்டாம். சாம்பிளின் மேலே லாக்கர் கோட்டிங் இருந்தால் எலுமிச்சை உடனே கடிக்காது, அந்தக் கோட்டிங் தேய்ந்த பிறகுதான் வேலையைக் காட்டும். அதனால் மேல்முகத்தை விட்டுவிட்டு, புதிதாக வெட்டிய பக்கவாட்டு முகத்தில் சோதிக்க வேண்டும். மேல்முகத்தை முதலில் வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து அழுத்தித் துடையுங்கள். துணி கறுத்தால் ஏற்றிய நிறம் என்று தெரிந்துவிடும். அடுத்து வெட்டு முகத்தில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். கழுவி, நன்றாகக் காயவைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாது. வெளுத்த புள்ளி இருந்தால் சுண்ணாம்புக்கல்லோ மார்பிளோதான்.

எலுமிச்சையில் தேறிவிட்டது என்பதாலேயே மாக்கல் ஆகிவிடாது. பாலிஷ் குறைத்த கறுப்பு கிரானைட்டும் தேறிவிடும், அதையும் சோப்ஸ்டோன் என்று விற்கிறார்கள். கத்தி முனையால் அடிப்பக்கத்தில் கோடு இழுங்கள். கிரானைட்டில் கத்தியின் இரும்புதான் தேய்ந்து சாம்பல் கோடாக ஒட்டும், விரலால் அழுத்தித் தேய்த்தால் கல்லில் பள்ளம் இருக்காது. மாக்கல் கீறும், வெள்ளைத் தூள் வரும். அந்தத் தூளை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தால் முகப் பவுடர் மாதிரி வழுக்கும். சுண்ணாம்புக்கல் தூளும் வெள்ளைதான், ஆனால் சாக்பீஸ் தூள் மாதிரி வறண்டிருக்கும், வழுக்காது. இந்த வழுக்கல் கைக்குப் பழகிவிட்டால் பிறகு எலுமிச்சையே தேவைப்படாது.

பில்லுக்கு வருவோம். கல்லில் ஏமாற்றியவர் அளவில் நேர்மையாக இருக்கப் போவதில்லை. இந்த வீட்டு மேடை எல் வடிவம். ஒரு சுவர் 10 அடி, அடுத்த சுவர் 6 அடி, ஆழம் 2 அடி. பில்லில் 16 அடி × 2 அடி = 32 சதுர அடி. மூலையில் இருக்கும் 2 × 2 சதுரம் இரண்டு முறை ஏறியிருக்கிறது. உண்மையான பரப்பு 20 + 8 = 28 தான். நாலு சதுர அடிக்கு 2,600 ரூபாய் காற்றில் போனது. முன்விளிம்பு மோல்டிங்கும் 16 ரன்னிங் அடி என்று போட்டிருந்தார்கள். இரு முனையும் சுவரில் முட்டுகிற எல் மேடையில் முன்விளிம்பு 8 + 4 = 12 அடிதான் வரும். சிங்க் வெட்டிய ஓட்டையின் பரப்பைக் கழிக்காமல் விடுவது வியாபார வழக்கம், அதில் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் அந்தப் பரப்புக்கும் காசு, வெட்டுக்கூலியும் தனி, வெட்டிய துண்டும் அவர்களுக்கே என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் துண்டு உங்களுடையது. அது ஏன் முக்கியம் என்பது கடைசியில்.

தடிமனை முன்பக்கம் அளக்காதீர்கள். முன்பக்கம் அடியில் ஒரு பட்டையை ஒட்டி 40 மிமீ போலக் காட்டியிருப்பார்கள். சிங்க் இறக்குவதற்கு முன்பு அந்த ஓட்டையின் உள்விளிம்பில் வெர்னியரோ டேப்போ வைத்து அளந்தால் உண்மை தெரியும். இங்கே 20 மிமீ என்றது 16 இருந்தது.

மெல்லிய கல்லுக்கு அடுத்த ஆபத்து சிங்க் முன்னால் இருக்கும் குறுகிய பட்டை. மேடை உடைவது பெரும்பாலும் அங்கேதான். பட்டை மூன்று அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஓட்டையின் மூலைகள் கூராக இருக்கக் கூடாது, கூர் மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். மூலைகளில் முதலில் வட்டமாகத் துளை போட்டு, அந்தத் துளைகளை இணைத்து வெட்டச் சொல்லுங்கள். பட்டையின் அடியில் நீளவாக்கில் சின்னப் பள்ளம் எடுத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வைத்து எபாக்ஸி பசையால் அடைப்பது நல்ல வேலை. மிச்சம் கிடக்கிற கட்டுக்கம்பியை வைத்தால் ஈரம் பட்டுத் துரு உப்பி, கல்லை அதுவே பிளந்துவிடும்.

இன்னொரு அநியாயம் ஆசிட் வாஷ். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் சிமென்ட் கறையை எடுக்கக் கொத்தனார் ஆசிட் ஊற்றிக் கழுவுவார். சுவர் டைலுக்கு அடித்த ஆசிட் வழிந்து கீழே சுண்ணாம்புக்கல் மேடையில் விழுந்தால் ஐந்து நிமிடத்தில் வரிவரியாகப் பொங்கி வெளுத்துவிடும். மேடை கடப்பாவோ கோட்டாவோ என்றால், மேடை வைத்த பிறகு ஆசிட் பாட்டிலே அந்த அறைக்குள் வரக் கூடாது. டாய்லெட் கிளீனரைச் சிங்க்குக்கு ஊற்றும் பழக்கத்துக்கும் இதுவே.

“சீலர் அடித்துத் தருகிறோம், பிரச்சினை தீர்ந்துவிடும்” என்று இரண்டாம் ரவுண்டு வருவார்கள், அதற்கும் ஒரு பில்லோடு. கல்லுக்குள் ஊறுகிற சீலர் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்காமல் தடுக்கும். அமிலம் மேல்பரப்பைக் கடிப்பதைத் தடுக்காது. சுண்ணாம்புக்கல்லைப் புளிப்பு தாங்கும் கல்லாக மாற்றுகிற சீலர் கிடையாது.

இவ்வளவும் படித்துவிட்டுக் கடப்பாவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடப்பா என்று சொல்லி, கடப்பா விலைக்கு விற்றால் அருமையான கல். ஸ்டோர் ரூம் தட்டு, மளிகை அலமாரி, சிலிண்டர் மேடை, மாவரைக்கும் கிரைண்டர் நிற்கும் திண்ணை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கோட்டாவைப் பாலிஷ் குறைத்து யுடிலிட்டியில் போடலாம். மங்கிய பரப்பில் அரிப்புத் தெரிவது குறைவு, பளபளப்பில்தான் கண்ணை உறுத்தும். புளி கரைப்பது, காய் நறுக்குவது, ஊறுகாய் போடுவது நடக்கும் நீளத்துக்கு கிரானைட்டை விட மலிவான நிம்மதி இல்லை.

நிஜ மாக்கல் வேண்டுமென்றால் அடுப்புக்கு இருபுறமும் இரண்டிரண்டு அடி போடலாம். கொதிக்கும் குக்கரை நேராக இறக்கி வைக்கலாம். ஆனால் அது மென்மையான கல். பேலூர், ஹளேபீடு சிற்பங்களில் அத்தனை நுணுக்கம் வந்ததே அந்த மென்மையால்தான். தேங்காயை அதன் விளிம்பில் உடைத்தால் விளிம்பு போகும். கிரைண்டரை இழுத்தால் கோடு விழும். கோட்டை 120, 220 நம்பர் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் தடவினால் மறைந்துவிடும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டாம். கல்சட்டியைப் பழக்க அவை சரி, தினமும் சட்டி அடுப்பேறுகிறது. மேடையில் சிக்குப் பிடித்து நாறும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: எண்ணெய் பாட்டிலை மூடி வையுங்கள், எண்ணெய் தடவிய மேடையைப் படம் எடுத்தால் எதுவும் தெரியாது. வெளுத்த இடங்களை உலர்ந்த நிலையில், பக்கவாட்டு வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். மேடையைத் திரும்பப் பாலிஷ் போட ஒத்துக்கொள்ளாதீர்கள், தடயம் போய்விடும். கொட்டேஷன், பில், வாட்ஸ்ஆப்பில் ‘சோப்ஸ்டோன்’ என்று அவர் அனுப்பிய செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து, 15 நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இணையத்திலேயே பதியலாம்.

இந்த வீட்டில் தப்பியது ஒன்றே ஒன்று. சிங்க் வெட்டிய துண்டை வேலைக்காரர்கள் மறந்து, மொட்டை மாடிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேக்ஸ் ஏறாத வெட்டு முகம் நாலு பக்கமும் இருந்தது. எலுமிச்சை விட்டதும் கால் மணி நேரத்தில் வெளுத்தது. அதன் அடியில் கல் கடைக்காரர் சிவப்புச் சாக்பீஸில் எழுதிய அளவும், பக்கத்தில் ‘கட’ என்ற இரண்டெழுத்தும் அழியாமல் இருந்தன.